உப்பைத் தெரிந்து பயன்படுத்துவோம்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது எமது முன்னோர் வாக்கு. சங்க காலத்தில் உமணர் எனப்பட்ட வணிகர்கள் கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றினார்கள் என்பதை அக்காலச் செய்யுள்களிலிருந்து அறிகிறோம். நெல்லை விளைவித்தவனுக்கும் உப்பு வேண்டியிருந்தது. இன்றும் அப்படியே. இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று எதைக் கைவிட்டு வந்தாலும், புதிய இடத்தில் மூட்டும் முதல் அடுப்புக்கு உப்புத் தேவைப்படுகிறது.

ஆனால் மிக மலிவான பொருள் என்பதால் உப்பைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. மாதர் சங்கக் கூட்டங்களிலும் கமக்காரர் குழுக்களிலும் எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எந்த உப்பு நல்லது? எவ்வளவு உப்புச் சாப்பிடலாம்? வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு உப்புக் கரைத்துக் கொடுக்கலாமா? இம்மூன்றுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

உணவில் நாம் சேர்க்கும் உப்பின் இரசாயனப் பெயர் சோடியம் குளோரைட்டு. நிறையில் நூற்றுக்கு 40 பங்கு சோடியம், 60 பங்கு குளோரின். இதற்கு இயற்கையில் மூன்று முக்கிய மூலங்கள் உள்ளன.

முதலாவது கடல். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றில் சுமார் 27 கிராம் கறியுப்பு. மிகுதி மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் ஆகியவற்றின் உப்புக்கள். இரண்டாவது பாறை. பல இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல்களின் உப்பு மண்ணுக்குள் புதையுண்டு பாறையாக இறுகிக் கிடக்கிறது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள கேவ்ரா சுரங்கத்தில் இதை வெட்டி எடுக்கிறார்கள். எமது நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்தும் இந்துப்பு இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றாவது உவர் ஏரிகளும் உவர் ஊற்றுக்களும். இந்தியாவின் இராஜஸ்தானில் உள்ள சாம்பர் ஏரி இதற்கு ஓர் உதாரணம்.

உப்பும் ஒரு விளைச்சலே

இலங்கையில் உப்பு கடல் நீரிலிருந்தே பெறப்படுகிறது. புத்தளம், அம்பாந்தோட்டை, மன்னார், ஆனையிறவு ஆகிய இடங்களின் உப்பளங்கள் பெயர் பெற்றவை. உப்பளத்தைப் பார்க்கும் கமக்காரனுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அங்கும் வரம்பு உண்டு, பாத்தி உண்டு, நீர் பாய்ச்சுதல் உண்டு, அறுவடையும் உண்டு.

கடல் நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலிலும் காற்றிலும் வற்ற விடுவார்கள். நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் அடியில் படியும். நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் அதை விளைபாத்திக்கு மாற்றுவார்கள். அங்கேதான் உப்புக் கட்டியாக விளைகிறது. எல்லா நீரும் வற்றும்வரை காத்திருப்பதில்லை. மிஞ்சும் நீரில் மகனீசிய உப்புக்கள் செறிந்திருப்பதால் அது கசக்கும். அதை வடித்து அகற்றாவிட்டால் உப்பும் கசக்கும், எளிதில் ஈரமும் பிடிக்கும்.

ஒரு விடயத்தில் மட்டும் வயலும் உப்பளமும் எதிரெதிர். வயலுக்கு வரமாகும் மழை உப்பளத்துக்குச் சாபம். பல வாரங்கள் வெயிலில் செறிந்த நீரை ஒரு நாள் மழை கெடுத்துவிடும். பருவம் தப்பிய மழையால் விளைச்சல் குறைந்து, நாலு புறமும் கடல் சூழ்ந்த எமது நாடு 2025 இல் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

ஆனையிறவு உப்பளத்தின் கதையை எமது வாசகர்கள் பலர் அறிவார்கள். 1990 இல் போர் காரணமாக அதன் உற்பத்தி நின்றது. அதை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தொழிலை இழந்தன. போர் 2009 இல் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே அங்கு உப்பு மீண்டும் விளைந்தது. 2025 மார்ச்சில் தூளுப்புத் தொழிற்சாலை ஒன்றும் அங்கே திறக்கப்பட்டது.

எந்த உப்பு நல்லது?

கடைகளில் கல்லுப்பு, தூளுப்பு, இந்துப்பு, கறுப்பு உப்பு எனப் பல வகைகள் கிடைக்கின்றன. இளஞ்சிவப்பு நிற உப்பு பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. அந்த நிறம் அதிலுள்ள சிறிதளவு இரும்பினால் வருவது. வேறு சில கனிமங்களும் அதில் உண்டு. ஆனால் நாம் ஒரு நாளில் சாப்பிடும் சிறிதளவு உப்பில் அவை உடலுக்குப் பயன் தரும் அளவுக்கு இருப்பதில்லை. ஒரு கைப்பிடி முருங்கையிலையோ சிறிதளவு பருப்போ அதைவிடக் கூடுதலான கனிமங்களைத் தரும். எந்த உப்பை எடுத்தாலும் பெரும்பகுதி சோடியம் குளோரைட்டே. ஆகவே விலை கூடிய உப்புக்குக் கொடுக்கும் பணத்தை மரக்கறிக்குக் கொடுப்பது மேல்.

உப்பு வகைகளுக்கிடையே உடல் நலத்துக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அது அயடீன். எமது கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி வேலை செய்ய அயடீன் வேண்டும். அது குறைந்தால் சுரப்பி வீங்கிக் கண்டமாலை உண்டாகும். இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் குறைந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறந்த பின் அதை முழுமையாகத் திருத்த முடியாது. கடலுப்பில் இயற்கையாகவே அயடீன் நிறைய உண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. கடலுப்பிலும் இந்துப்பிலும் உள்ள அயடீன் எமது தேவைக்குப் போதாது. இதனாலேயே உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பதை இலங்கை அரசாங்கம் 1995 இல் கட்டாயமாக்கியது.

உப்பை வாங்கும்போது பக்கற்றில் அயடீன் சேர்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சாக்கில் அள்ளி விற்கும் மலிவான உப்பில் அது இருக்கும் என்ற உறுதி இல்லை. வாங்கிய உப்பை மூடியுள்ள போத்தலில் அல்லது சட்டியில், வெயிலும் அடுப்பு வெப்பமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தினால் அயடீனும் கழுவுப்பட்டுப் போகும். கறி இறக்கும் தறுவாயில் உப்பிடுவது நல்லது.

வெடியுப்பு, பேதியுப்பு என்பவை பெயரளவில் மட்டுமே உப்பு. அவை சமையலுக்கானவை அல்ல. ஒரே கொட்டிலில் உரமும் மருந்தும் உணவும் வைக்க நேரும் குடும்பங்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

உடலில் உப்பின் வேலை

உப்பில்லாமல் உயிர் வாழ முடியாது. நரம்புகள் செய்தி கடத்துவதற்கும் தசைகள் சுருங்கி விரிவதற்கும் சோடியம் தேவை. உடலில் நீர் எங்கே எவ்வளவு தங்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் அதுவே நிர்ணயிக்கிறது. இரைப்பையில் சுரக்கும் அமிலத்துக்குக் குளோரின் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைன் ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பே கரைந்திருக்கிறது. உடலில் உப்பும் நீரும் சம நிலையில் இருக்கும்படி சிறுநீரகங்கள் இரவு பகலாகக் காத்து வருகின்றன. வயிற்றோட்டத்தின்போது இந்தச் சமநிலை சில மணி நேரத்தில் குலைந்துவிடுகிறது.

ஒரு முகாமில் உப்பும் சீனியும் செய்த வேலை

1971 இல் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்காளதேசத்தில், போர் மூண்டபோது ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பொங்காவோன் என்னும் இடத்தில் அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. சேலைன் போத்தல்கள் தீர்ந்து போயின. அதை ஏற்றப் பயிற்சி பெற்றோரும் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் அப்போது ஒரு முடிவெடுத்தார். குளுக்கோசு, கறியுப்பு, அப்பச் சோடா மூன்றையும் அளந்து நீரில் கரைத்து, நோயாளரின் உறவினர்களைக் கொண்டே அதைப் பருகக் கொடுத்தார். அதுவரை நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாக வந்தது.

இது எப்படி முடிந்தது? வயிற்றோட்டத்தின்போது வெறும் உப்பு நீரைக் கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. சிறிது சீனி சேர்ந்தால், சீனியும் சோடியமும் கைகோத்து குடற்சுவரைக் கடந்து செல்லும். அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும். 1978 இல் 'லான்செற்' என்ற மருத்துவ சஞ்சிகை, இக்கண்டுபிடிப்பு அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது. எம்மைப் போல இடம்பெயர்ந்த மக்கள் நடுவில், அவர்களது உறவினர்களின் கைகளாலேயே அது மெய்ப்பிக்கப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது.

எமது ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் ஜீவனி பக்கற் இதே முறையில் ஆக்கப்பட்டது. பக்கற்றில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் அதைக் கரைக்க வேண்டும். ஜீவனி கிடைக்காத வேளையில் வீட்டில் இப்படித் தயாரிக்கலாம்:

கொதித்தாறிய நீர் 1 லீற்றர்
சீனி 6 மட்டத் தேக்கரண்டி
தூளுப்பு அரை மட்டத் தேக்கரண்டி

அளவில் தவறு கூடாது. கரண்டியைக் குவித்து எடுக்காமல் மட்டமாக வழித்து எடுக்க வேண்டும். உப்பு மிஞ்சினால் பிள்ளைக்குத் தீங்கு நேரும். கரைத்த பின் தாய் சுவைத்துப் பார்க்கட்டும். கண்ணீரைவிட உவர்ப்பாக இருந்தால் அதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் வரை கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சோறு, கஞ்சி போன்ற உணவையும் நிறுத்தக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ, கண்கள் குழி விழுந்தாலோ, பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். போகும் வழியிலும் கரைசலைக் கொடுக்கலாம்.

அளவு மிஞ்சினால்

உயிர் காக்கும் உப்பே அளவு மிஞ்சினால் உயிரைக் குடிக்கும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. எமது நாட்டில் பெரும்பாலோர் இதைவிட மிகக் கூடுதலாகவே உண்கிறோம். மிகையான உப்பு உயர் குருதியமுக்கத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்து பாரிசவாதமும் இருதய நோயும் சிறுநீரக நோயும் வருகின்றன. குருதியமுக்கம் உயர்வதைப் பலர் உணர்வதில்லை. கிளினிக்கில் அளந்து பார்த்தாலே தெரியும்.

வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பதை அறிய இலகுவான வழி உண்டு. வளர்ந்தவர்கள் 5 பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்றால், ஒரு கிலோ பக்கற் 40 நாளைக்காவது வர வேண்டும். அதற்கு முன் தீர்ந்தால் நாம் அதிகம் சேர்க்கிறோம் என்று பொருள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், ரின் மீன், பிஸ்கற், நூடில்ஸ் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதால், உண்மையில் பக்கற் இன்னும் கூடுதலான நாட்களுக்கு வர வேண்டும். முகாமிலும் தற்காலிகக் கொட்டிலிலும் வாழும்போது மரக்கறி குறைந்து கருவாடும் ரின் மீனும் கூடுவது வழக்கம். கருவாட்டை நீரில் ஊற வைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்புக் குறையும். அந்தக் கறிக்கு வேறாக உப்பிட வேண்டியதில்லை. சோறு வடிக்கும்போது உப்பிடும் பழக்கத்தையும் விடலாம். புளி, தேசிக்காய், மிளகு, உள்ளி ஆகியவை உப்புக் குறைந்த கறிக்கும் சுவை தரும்.

வெயிலில் வேலை செய்பவருக்கு நிறைய உப்பு வேண்டும் என்பது பலரது எண்ணம். வியர்வையோடு உப்புப் போவது உண்மையே. ஆனால் வழமையான மூன்று வேளைச் சாப்பாட்டில் உள்ள உப்பு பெரும்பாலும் அதை ஈடு செய்துவிடும். வெயிலில் நிற்பவருக்கு முதலில் வேண்டியது போதிய குடிநீர். குருதியமுக்கமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும்.

இனி நாம் செய்யக் கூடியவை

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் வீட்டு உப்புப் பக்கற்றைக் கொண்டு வரட்டும். அயடீன் உள்ளதா என எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். பக்கற் திறந்த திகதியை அதன் மேல் எழுதி வைத்து, எத்தனை நாளில் தீர்கிறது எனக் கணக்கிடுவோம். ஜீவனி கரைக்கும் முறையைத் தாய்மாருக்கு மட்டுமின்றித் தந்தைமாருக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் செய்து காட்டும்படி குடும்பநல சுகாதார உத்தியோகத்தரைக் கேட்போம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஜீவனி பக்கற்றாவது இருக்கட்டும். இரவில் வயிற்றோட்டம் தொடங்கும் பிள்ளைக்கு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், வீட்டிலேயே உடனடியாக உதவி செய்ய அவை போதும்.