பச்சோந்தியின் நிறமும் மனநிலையும்

கொள்கையில் நிலைபெறாதவனைப் 'பச்சோந்தி' என்று இகழ்தல் உலக வழக்கு. மேடைப்பேச்சிலும் நாளிதழிலும் இவ்வசைச்சொல் நாள்தோறும் அடிபடுகின்றது. ஆயின், அச்சிற்றுயிர் எதன்பொருட்டு நிறம் மாறுகின்றது என ஆராய்ந்தறிந்தோர் நம்முட் சிலரே. பண்டைநாளில் வழிச்செல்வோர் ஓந்தியைக் கொண்டு நிமித்தம் பார்த்த செய்தி குறுந்தொகையிற் காணப்படுகின்றது. அன்றுதொட்டு இன்றுகாறும் அவ்வினத்தினிடம் நம்மைப் பற்றிய செய்தியையே தேடிவருகின்றோம். அது தன்னைப் பற்றிக் கூறுவதை நாம் கேட்டிலோம்.

யானும் அவ்வாறு கேளாதவருள் ஒருவனே. எனக்கு எட்டு வயது நிகழுங்கால், வேலியில் அகப்பட்ட பச்சோந்தியொன்றை நூலாற் கட்டிச் சிவப்புத் துணிமீதும் மஞ்சள் துணிமீதும் மாறி மாறி விட்டுப் பார்த்தேன். அது சிவக்கவுமில்லை, மஞ்சளாகவுமில்லை. உடலெங்கும் கறுத்து, வாயைப் பிளந்து சீறிற்று. பிடிவாதமுள்ள பிராணியென்று சினந்தேன். அதனைக் கண்ட என் பாட்டியார், "விட்டுவிடடா, பாவம், பயத்தாலே கறுத்துப் போயிருக்கிறது" என்று கடிந்து, நூலை அவிழ்த்து முருங்கை மரத்தில் விடுவித்தார். மறுநாட் காலையிற் சென்று நோக்கினேன். அது உடலைத் தட்டையாக்கி இளவெயிலில் அமர்ந்திருந்தது, அப்பொழுதும் கறுப்பே! பாட்டியார் கூறியது பொய்யோவென ஐயுற்று நின்றேன். வெயில் ஏற ஏறக் கறுப்பு நீங்கிப் பசுமை படர்ந்தது. அவ்விரு கறுப்பும் ஒன்றல்ல என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

பச்சோந்தி குளிர்ந்த குருதியுடைய உயிர். உடலின் வெப்பத்தைக் கதிரவனிடமிருந்தே பெறல் வேண்டும். கருநிறம் வெப்பத்தை மிகுதியாக ஏற்குமாதலின், குளிர்ந்த காலையில் அது கறுக்கின்றது. வெப்பம் மிகின் வெளிறுகின்றது. ஆகவே காலைக் கறுப்பு குளிரின் அடையாளம். நூலிற் கட்டுண்ட கறுப்போ அச்சத்தின் அடையாளம்.

இம்மாற்றம் நிகழுமாறு யாதெனின், கூறுதும். பச்சோந்தியின் தோலில் மெலனின் என்னும் கருநிறப்பொருளைக் கொண்ட உயிரணுக்கள் உள. அந்நிறப்பொருள் அணுவெங்கும் பரவின் தோல் கறுக்கும். நடுவே ஒடுங்கின் வெளிறும். மற்றை நிறங்களின் இரகசியத்தை ஜெனீவாப் பல்கலைக்கழகத்து அறிஞர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மடகாஸ்கர்த் தீவின் பச்சோந்தியினம் ஒன்றன் தோலில், குவானைன் என்னும் பொருளாலாகிய மிக நுண்ணிய பளிங்குகள் ஒழுங்குற அடுக்கப்பெற்றிருத்தலை அவர்கள் கண்டனர். அமைதியுற்றிருக்குங்கால் அப்பளிங்குகள் நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்புகின்றன. அது தோலிலுள்ள மஞ்சள் நிறப்பொருளோடு கூடிப் பச்சையாகத் தோன்றுகின்றது. பகை ஆணைக் கண்டு கிளர்ச்சியுறின், பளிங்குகளின் இடைவெளி அகன்று, மஞ்சளும் செம்மஞ்சளும் ஒளிர்கின்றன. எனவே, அமைதியும் கிளர்ச்சியுமே அங்கு நிறமாகின்றன. துணியின் நிறம் அன்று.

யெமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளுக்குரிய கொண்டைப் பச்சோந்தியை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் வீட்டில் வளர்க்கின்றனர். அவ்வினத்து ஆண்களின் போரை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்று, உடற்கோடுகள் மிக ஒளிர்வது எதிர்த்து நெருங்குமென்றும், தலை விரைந்து ஒளிர்வது பெரும்பாலும் வெல்லுமென்றும் கூறுகின்றது. தோற்றது கறுத்துப் பணிவைத் தெரிவிக்கும்; அதனால் மேலும் தாக்குண்ணாது தப்பும். கருவுற்ற பெண்ணோ, கரும்பசுமையில் நீலமும் மஞ்சளுமாகிய புள்ளிகளைக் காட்டி ஆணை விலக்கும்.

வளர்ப்போர் இம்மொழியை அறியாவிடின் கேடு விளையும். கண்ணாடியிற் காணும் தன் நிழலையே பகையென எண்ணி ஆண் நிறம் ஒளிர, 'எத்துணை அழகு!' என்று வளர்ப்போன் மகிழ்வான். அது அவ்வுயிருக்கு ஓயாத போர். தக்க வெப்பம் இருந்தும் பகலெல்லாம் கறுத்திருந்து, கண்மூடி, உணவொழிப்பின் அது நோயின் அறிகுறியாகலாம். காலந்தாழ்த்தாது விலங்கு மருத்துவரிடம் காட்டல் வேண்டும். நிறத்தை மட்டும் நோக்காது, காலம், வெப்பம், உடல்நிலை ஆகியவற்றோடு சேர்த்தே பொருள் கொள்ளல் முறை.

நம் நாட்டுப் பச்சோந்தியோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்பெறுவது. அதனைப் பிடித்து வளர்த்தல் குற்றம். நாம் அதனைக் கற்றற்குரிய இடம் வேலியும் மரக்கிளையுமே.

அச்சத்தையும் சினத்தையும் தோல்வியையும் உள்ளத்துள் மறைத்து முகத்திற் புன்னகை காட்டுபவர் மக்களே. பச்சோந்தி தன் நிலையைத் தோல்மேல் எழுதிக் காட்டுகின்றது. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாமையாலன்றோ நாம் அதற்கு வஞ்சகன் என்று பெயரிட்டோம்? அன்று நூலின் முனையைப் பற்றியிருந்த என் கை, இதனை எழுதும்பொழுதும் நாணுகின்றது.