கம்பளமும் காரமும்

முற்காலத்தில் நம் சிற்றூர்களில் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்தனர். அம்மண்ணிலுள்ள சோடா உப்பு காரத்தன்மை உடையது. எண்ணெய்ப் பசையை நீக்க வல்லது. எலுமிச்சைச் சாறும் புளியும் அமிலத்தன்மை உடையன.

இத்தன்மைகளை அளக்கும் அளவையே பி.எச். எனப்படும். டென்மார்க்கு நாட்டு வேதியியல் அறிஞர் சோரன்சன் 1909-ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். அறை வெப்பநிலையில் தூய நீரின் எண் ஏறத்தாழ 7. அதனினும் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓர் எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு மிகும். ஆகவே, எண் 8 உடைய நீரினும் எண் 10 உடைய நீர் நூறு மடங்கு காரமுடையது.

இதனை அறியாது கம்பளம் துவைப்போர் பொருளை இழப்பர். பவானி ஜமக்காளத்தின் பருத்தி நூல் காரத்தைத் தாங்கும். காசுமீரக் கம்பளத்தின் ஆட்டுமயிரோ புரதத்தால் ஆனது. சலவைச் சோடாக் கரைசலின் எண் ஏறத்தாழ 11. அதில் ஊறிய ஆட்டுமயிர் மஞ்சள் நிறமடைந்து வலுவிழக்கும். ஆதலின், 7-ஐ ஒட்டிய எண்ணுடைய சலவைப்பொருளே அதற்கு ஏற்றது.

மாணவர்களே, இதனை ஆராய மண்ணாடிப்பட்டு போன்ற சிற்றூரிலும் வீட்டு மஞ்சளே போதும். மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய தாளின்மேல் சலவைநீர் ஒரு துளி விடுங்கள். தாள் சிவந்தால் அந்நீர் காரமுடையது, கம்பளிக்கு ஆகாது. துணியின் இயல்பறிந்து துவைத்தலே அறிவுடைமை.