அலுமினியத்துக்கு உறுதி தரும் வெள்ளை உப்பு



பொட்டாசியம் ஹெக்ஸாஃபுளோரோடைட்டனேட் ஒரு வெள்ளைப் படிக உப்பு. டைட்டானியம் அணு ஒன்றைச் சுற்றி ஆறு ஃபுளோரின் அணுக்கள்; அவற்றோடு இரண்டு பொட்டாசியம் அயனிகள். இதுதான் அதன் கட்டமைப்பு. குளிர்ந்த நீரில் கொஞ்சமாகவும் வெந்நீரில் கூடுதலாகவும் கரையும். சுமார் 780 டிகிரி செல்சியஸில் உருகும்.

டைட்டானியம் டை ஆக்சைடை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் இந்த உப்பு வெண்மையாகப் படியும். 1825-இல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இதைப் பொட்டாசியத்துடன் சூடாக்கி, தூய்மை குறைந்த டைட்டானியத்தைப் பிரித்தெடுத்தார்.

இன்று இதன் முக்கியப் பயன் அலுமினியத் தொழிலில். உருகிய அலுமினியத்தில் இந்த உப்பையும் பொட்டாசியம் டெட்ராஃபுளோரோபோரேட்டையும் சேர்த்து ஓர் உலோகக் கலவை செய்கிறார்கள். அதில் டைட்டானியம் டைபோரைடு நுண்துகள்கள் நிறைந்திருக்கும். வார்ப்புக்கான அலுமினியத்தில் இக்கலவையைச் சிறிதளவு சேர்த்தால், அந்தத் துகள்களைக் கருவாகக் கொண்டு படிகங்கள் வளரத் தொடங்கும். ஒரே சமயத்தில் ஏராளமான படிகங்கள் வளர்வதால் எதுவும் பெரிதாவதில்லை. இப்படி உள்ளமைப்பு நுண்மையாகும்போது, வார்ப்பில் விரிசல் குறையும், உறுதி கூடும்.

ஒன்றை மறக்கக் கூடாது: இது நஞ்சுள்ள ஃபுளோரைடு உப்பு. கையுறையும் முகக்கவசமும் அணிந்தே இதைக் கையாள வேண்டும்.