பள்ளிச் சிறுவர் துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி

பள்ளிச் சிறுவர் துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி என்பது பள்ளியில் பயிலும் வயதினருக்கென வயது வரம்பு வகுத்து, பல அணிகளைக் கொண்டு நடத்தப்படும் துடுப்பாட்டத் தொடர் ஆகும். துடுப்பாட்டம் தமிழகத்தில் கிரிக்கெட் என்றும் மட்டைப்பந்து என்றும் வழங்கப்படுகிறது. ஆறு பந்துகள் கொண்ட பந்துப் பரிமாற்றம் பேச்சு வழக்கில் ஓவர் எனப்படுவதால் இங்கும் அச்சொல்லே பயன்படுத்தப்பட்டுள்ளது. இக்கட்டுரை, தென்காசி மாவட்டத்தில் உள்ள அச்சன்புதூர் போன்ற ஒரு பேரூராட்சியில் எட்டு அல்லது பத்து அணிகளைக் கொண்டு இத்தகைய தொடரை ஒழுங்கு செய்யும் முறையை முதன்மையாக விளக்குகிறது.

வரலாறு

இந்தியாவில் பள்ளிகளுக்கு இடையிலான துடுப்பாட்டத் தொடர்களில் மும்பையின் ஆரிசு கேடயம் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இத்தொடரில்தான் 1988 பெப்ரவரியில் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ஓட்டங்கள் சேர்த்தனர். அப்போது டெண்டுல்கருக்கு வயது 14, காம்ப்ளிக்கு 16. தேசிய அளவிலான கூச் பெகார் கிண்ணம் 1945-46இல் பள்ளி மாணவருக்கான தொடராகவே தொடங்கியது. பின்னர் அது 19 வயதுக்குட்பட்டோர் தொடராக மாற்றப்பட்டது. 1954இல் நிறுவப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 14, 17, 19 ஆகிய வயது வரம்புகளில் போட்டிகளை நடத்தி வருகிறது.

இலங்கையில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடைபெறும் ஆட்டம் வடக்கின் பெரும் போர் என அழைக்கப்படுகிறது. தமிழர் மண்ணில் பள்ளித் துடுப்பாட்டம் ஓர் ஊர்த் திருவிழாவாகவே ஆகிவிட்டதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

காலமும் களமும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் தொடரின் தேதியை முடிவு செய்வது நாட்காட்டி அன்று, மலை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே நுழைவதால் சூன் முதல் ஆகத்து வரை சாரலும் பலத்த காற்றும் இருக்கும். அருவிக்குக் கூட்டம் வரும் அந்த மாதங்கள் ஆட்டத்திற்கு ஆகா. காற்றில் இணைகட்டைகளின் மேலுள்ள சிறுகட்டைகள் தாமாகவே விழும், உயர எழும்பிய பந்து எங்கு இறங்கும் என்று கூற இயலாது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மார்ச்சு, ஏப்ரல் மாதங்கள் பொதுத் தேர்வுக்கு உரியவை. எனவே பொங்கல் விடுமுறையும் கோடை விடுமுறையுமே எஞ்சுகின்றன.

கோடையில் இன்னொரு வசதி உண்டு. இப்பகுதியில் பிசான நெல் அறுவடை முடிந்த பின் கார் பருவ நடவு வரை பல வயல்கள் தரிசாகக் கிடக்கும், குளங்களும் வற்றிவிடும். சிற்றூர்களின் ஆட்டக்களங்கள் பெரும்பாலும் இவையே. ஆயினும் குளத்து மண் காய்ந்தால் வெடிப்பு விடும். வெடிப்பில் கால் மாட்டிக் கணுக்கால் பிசகிய சிறுவர் இல்லாத ஊர் இராது. பள்ளி மைதானம் கிடைக்குமாயின் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் இசைவு பெற்று அதையே பயன்படுத்துவது நன்று. ஆட்டங்களைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரை மணிக்குள் முடிப்பதும், அடுத்த ஆட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வைப்பதும் கோடையில் கட்டாயம்.

வயதுச் சரிபார்ப்பு

சிறுவர் தொடர்களில் மிகப் பெரிய சிக்கல் இதுவே. 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் 17 வயது இளைஞர் ஒருவர் பந்து வீசினால் ஓர் அணி தோற்பது மட்டுமே விளைவு அன்று. எதிரே நிற்கும் 12 வயதுச் சிறுவனுக்கு அடிபடலாம். அவரால் இடம் இழந்த உண்மையான 14 வயதுச் சிறுவன் ஆட்டத்தையே விட்டுவிடலாம். 2015 திசம்பரில் தில்லியில் ஆற்றிய பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் வயது மோசடியைக் கடுமையாகக் கண்டித்தார்.

இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் 16 வயதுக்குட்பட்ட சிறுவருக்கு இடது மணிக்கட்டின் எக்சு கதிர்ப் படத்தைக் கொண்டு எலும்பு வளர்ச்சியை மதிப்பிடும் முறையைப் பின்பற்றுகிறது. டேனர் - வைட்டவுசு மூன்றாம் முறை எனப்படும் இது பிறந்த தேதியைக் காட்டுவதில்லை, எலும்பின் முதிர்ச்சியை மட்டுமே காட்டும். ஊர்த் தொடர் ஒன்றுக்கு இது தேவையும் இல்லை, பொருத்தமும் இல்லை. பிறப்புச் சான்றிதழும், படம் ஒட்டித் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட பட்டியலும் போதுமானவை. பிறப்பு பதிவு செய்யப்பட்ட தேதியையும் பார்க்க வேண்டும். பிறந்த சில நாட்களில் பதிந்த சான்றிதழுக்கும் பத்தாண்டு கழித்துப் பதிந்ததற்கும் நம்பகத்தன்மையில் வேறுபாடு உண்டு. தமிழகப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிசு எண் வழங்கப்பட்டிருப்பதால், ஒரே சிறுவன் இரு அணிகளில் பெயர் கொடுப்பதை அதன் மூலம் எளிதில் கண்டறியலாம்.

வரம்புத் தேதியை அறிவிப்பிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். வாரியத்தின் தொடர்களில் செப்டம்பர் 1 வரம்புத் தேதியாகக் கொள்ளப்படுகிறது. ஆட்சேபணைகளை முதல் ஆட்டத்திற்கு முன்பே பெற்றுத் தீர்த்துவிட வேண்டும். அரையிறுதியில் தோற்ற பின்பு எழும் வயது வழக்கை எந்த ஊர்ப் பெரியவராலும் தீர்க்க இயலாது.

தொடரின் அமைப்பு

வெளியேற்று முறையில் எட்டு அணிகளுக்கு ஏழு ஆட்டங்கள் போதும். அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஏனெனில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது, கடைசியில் ஒன்றே எஞ்சுகிறது. அணிகள் 2, 4, 8, 16 என்ற வரிசையில் அமையாவிடில் சில அணிகளுக்கு முதற்சுற்றில் ஆட்டமின்றி அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்புத் தர வேண்டும். பதினொரு அணிகள் என்றால் 16இலிருந்து 11ஐக் கழிக்க வரும் ஐந்து அணிகளுக்கு இவ்வாய்ப்பு. மற்ற ஆறும் மூன்று ஆட்டங்கள் ஆட, இரண்டாம் சுற்றில் எட்டு அணிகள் இருக்கும். எந்த அணிகளுக்கு என்பதைக் குலுக்கல் மூலம், அனைத்து அணித் தலைவர்களின் முன்னிலையில் முடிவு செய்ய வேண்டும்.

பெரியவர்களின் தொடர்களுக்கு இம்முறை சிக்கனமானது. சிறுவர்களுக்கு இது கொடுமை. எட்டில் நான்கு அணிகள் ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்புகின்றன. அந்த ஓர் ஆட்டத்திலும் எட்டாவதாக ஆட வேண்டிய சிறுவன் மட்டையைத் தொடாமலும் பந்து வீசாமலும் நாள் முழுவதும் எல்லைக்கோட்டருகே நின்றுவிட்டுப் போவான்.

அனைவரும் அனைவருடனும் மோதும் சுழல் முறையில் எட்டு அணிகளுக்கு 28 ஆட்டங்கள் தேவை. ஒரே மைதானம் உள்ள ஊருக்கு இது இயலாது. நடுவழி, நான்கு அணிகள் கொண்ட இரு பிரிவுகள். பிரிவுக்கு ஆறு வீதம் 12 ஆட்டங்கள், இரு அரையிறுதிகள், ஓர் இறுதி, ஆக 15. நாளொன்றுக்கு இரண்டு வீதம் எட்டு நாட்களில் முடிந்துவிடும். ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி.

சுழல் அட்டவணை தயாரிக்க எளிய வழி ஒன்று உண்டு. அணிகளின் பெயர்களை இரு வரிசைகளாக எதிரெதிரே எழுதி, எதிரெதிர் உள்ளவை மோதும் எனக் கொள்ளவும். அடுத்த சுற்றுக்கு முதல் பெயரை மட்டும் அசைக்காமல் மற்றவற்றை வட்டமாக ஓரிடம் நகர்த்தவும். அணிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் ஓய்வு என்ற பெயரில் ஒரு பொய் அணியைச் சேர்த்துக்கொள்ளலாம். கணினி தேவையில்லை, பழைய நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் போதும்.

அனைவருக்கும் வாய்ப்புக் கிடைக்கச் சில விதிகளைச் சேர்ப்பது வழக்கம். 30 ஓட்டங்கள் எடுத்த துடுப்பாளர் ஓய்வு பெற்று, மற்றவர்கள் ஆடிய பின் தேவைப்பட்டால் மீண்டும் வரலாம் என்பது ஒன்று. 20 ஓவர் ஆட்டத்தில் ஒருவர் மூன்று ஓவர்களுக்கு மேல் வீசலாகாது என்றால் குறைந்தது ஏழு பேர் பந்து வீசியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் மிக இளையோருக்கு இணை ஆட்டம் என்ற முறை உள்ளது. எட்டுப் பேர் நான்கு இணைகளாக ஆளுக்கு நான்கு ஓவர்கள் ஆடுவர். அணி 200 ஓட்டங்களுடன் தொடங்கும். ஆட்டமிழந்தால் வெளியேறாமல் ஐந்து ஓட்டங்களை இழந்து தொடர்ந்து ஆடலாம்.

இவ்விதிகள் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு 2016 சனவரியில் மும்பை வட்டாரப் பள்ளித் தொடர் ஒன்றில் நடந்த ஆட்டம் எடுத்துக்காட்டு. கல்யாணைச் சேர்ந்த 15 வயதுப் பிரணவ் தனவாடே ஆட்டமிழக்காமல் 1009 ஓட்டங்கள் எடுத்து, 1899இல் ஏ. இ. ஜே. காலின்சு எடுத்த 628 என்ற உலகச் சாதனையை முறியடித்தார். அவரது அணி 3 இலக்குகளுக்கு 1465. எதிரணி 31, 52 ஆகிய ஓட்டங்களுக்குச் சுருண்டது. சாதனை உலகெங்கும் பேசப்பட்டது. இரு நாட்கள் பந்து பொறுக்கிய எதிரணிச் சிறுவர்களைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

பந்தும் ஆடுகளமும்

தென்மாவட்டச் சிற்றூர்களில் தொடர்கள் பெரும்பாலும் டென்னிசு பந்தில் நடைபெறுகின்றன. செலவு குறைவு, காலுறை, கையுறை, தலைக்கவசம் எதுவும் தேவையில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராசன் இருபது வயது வரை டென்னிசு பந்திலேயே ஆடிவிட்டு, 2020 திசம்பரில் இந்திய அணியில் இடம் பெற்றார். எனினும் மாவட்டத் தேர்வுகள் தோல் பந்தில் நடப்பதால் அதனைத் தொட்டறியாத சிறுவர் அங்குத் தடுமாறுவர். குறைந்த விலைக்குக் கிடைக்கும் கார்க் பந்து இரண்டுக்கும் இடைப்பட்டது போல் தோன்றினாலும் மிகக் கடினமானது. கவசமின்றி அதில் சிறுவரை ஆட விடக் கூடாது.

2017 விதித்தொகுப்பின்படி ஆடவர் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. 13 வயதுக்குட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம் வரை. ஆடுகளத்தின் நீளம் 22 கெசம், அதாவது 20.12 மீட்டர். இளையோருக்கு ஓரிரு கெசம் குறைத்து அமைக்கலாம். தோல் பந்து ஆட்டத்திற்குப் புல்தரை ஆடுகளம் இல்லாத ஊர்களில் இறுக்கமாக விரித்து ஆணியடித்த கயிற்றுப் பாய் பயன்படும். பாயின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதை ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும் நடுவர் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

தோல் பந்தாயின் துடுப்பாளருக்கும் இலக்குக் காப்பாளருக்கும் தலைக்கவசம் கட்டாயம். அணிக்கு ஆறேழு கவசங்கள் வாங்கத் தேவையில்லை. வெவ்வேறு அளவுகளில் நான்கு கவசங்களைத் தொடர் ஒழுங்கமைப்பாளரே வாங்கி வைத்தால் எல்லா அணிகளும் பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்ட களத்தடுப்பாளர், பந்தை எதிர்கொள்பவரிடமிருந்து 11 கெசத்திற்குள் நிற்கத் தடை உள்ளது. 15 வயதுக்குட்பட்டோருக்கு இது 8 கெசம். நம் ஊர்த் தொடர்களிலும் செலவின்றி நடைமுறைப்படுத்தக்கூடிய விதி இது. வளரும் வயதில் தொடர்ந்து வேகமாகப் பந்து வீசினால் கீழ் முதுகெலும்பில் நுண்முறிவு ஏற்படலாம் என்பதால், ஒரே நாளில் இரு ஆட்டங்களில் ஒரே சிறுவனை வேகப்பந்து வீச வைக்கலாகாது. குடிநீர், நிழற்பந்தல், முதலுதவிப் பெட்டி, 108 அவசர ஊர்தி வந்து நிற்க வழி ஆகியவை கோப்பை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்.

நிகர ஓட்ட வீதம்

புள்ளிகள் சமமாகும்போது, எடுத்த ஓட்ட வீதத்திலிருந்து கொடுத்த ஓட்ட வீதத்தைக் கழித்து வரும் நிகர ஓட்ட வீதம் பார்க்கப்படும். இதில் இரு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, முழுதும் ஆட்டமிழந்த அணி தனக்குரிய எல்லா ஓவர்களையும் ஆடியதாகவே கொள்ள வேண்டும் என்பதை மறத்தல். ஓர் அணி 20 ஓவர்களில் 124 எடுக்க, மற்றது 16.2 ஓவர்களில் 93க்கு ஆட்டமிழந்தால், அதன் வீதம் 93ஐ 20ஆல் வகுத்து வரும் 4.65. வென்ற அணியின் நிகர வீதம் 6.20 - 4.65 = 1.55.

இரண்டாவது, 14.3 ஓவர் என்பதைத் தசம எண்ணாகக் கருதுதல். அது 14 ஓவர்களும் 3 பந்துகளும், அதாவது 14.5. அந்த ஓவர்களில் 94 ஓட்டங்கள் எடுத்த அணியின் வீதம் 6.48. கணினி விரிதாளில் 14.3 என்றே இட்டால் 6.57 எனத் தவறாக வரும். அரையிறுதி இடம் இதைவிடச் சிறிய வேறுபாட்டில் கைமாறக்கூடும். முழுவதையும் பந்துகளாக மாற்றி, 87 பந்துகள் எனக் கொண்டு கணக்கிட்டு ஆறால் பெருக்கினால் பிழை நேராது. இக்கணக்கைத் தொடர் முழுமைக்கும் மொத்தமாகச் செய்ய வேண்டும். ஆட்டவாரியாகக் கண்ட வீதங்களைக் கூட்டக் கூடாது.

சிறுமியர்

முதலாவது 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையை 2023இலும் அடுத்ததை 2025இலும் இந்தியா வென்றது. 2025 அணியில் மதுரையைச் சேர்ந்த கமலினி இடம்பெற்றிருந்தார். சிற்றூர்களில் தனி அணி அமைக்கப் போதிய சிறுமியர் கிடைப்பது அரிது. ஆகவே 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் கலப்பு அணிகளை அனுமதிப்பது, 14 வயதுக்குட்பட்டோர் அணியில் 16 வயது வரையுள்ள சிறுமியரைச் சேர்த்துக்கொள்வது ஆகிய வழிகள் உள்ளன. உடை மாற்ற அறையும் கழிப்பறையும் பள்ளி மைதானத்தில் கிடைக்கும், குளத்துக் களத்தில் கிடைக்கா. மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதனைக் கருத வேண்டும்.