உங்களுக்குத் தெரியுமா? 400 குதிரைவலுவுக்கு எந்தப் பெற்றோல் பம்ப்?

400 குதிரைவலு தரும்படி மாற்றியமைத்த டர்போ கார், முழு வலுவில் மணிக்குச் சுமார் 150 லீற்றர் பெற்றோல் குடிக்கும். அதற்காக 150 லீற்றர் பம்ப் வாங்கினால் போதாது. டர்போ அழுத்தத்தோடு பெற்றோல் அழுத்தமும் ஏற வேண்டும். அது ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். பம்புக்கு வரும் மின்னழுத்தம் 13.5 வோல்ற்றிலிருந்து 12க்கு இறங்கினால் இன்னும் குறையும். எனவே 4 பார் அழுத்தத்தில் எத்தனை லீற்றர் வரும் என்று கேட்டு வாங்குங்கள்.

கண்டி–மஹியங்கனை வீதியில் ‘18 வளைவு’ எனப்படும் மலைப்பகுதியில் வேறொரு ஆபத்து. தாங்கியில் பெற்றோல் குறைந்திருந்தால் வளைவில் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். டர்போ உச்சத்தில் இருக்கும் அந்த நொடியில் பெற்றோல் போதாமல் பிஸ்டனே உருகலாம். பந்தயக் கார்களில் இதற்கென்றே சிறு இடைத்தாங்கி பொருத்துகிறார்கள். அது இல்லாதவர்கள் மலை ஏறுமுன் பாதித் தாங்கியாவது நிரப்பிக்கொள்ளுங்கள்.