உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்துமாவுக்கு ஆன்டிபயாடிக்!

தொண்டை வலிக்கும் சளிக் காய்ச்சலுக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் அசித்ரோமைசின் மாத்திரை, இன்ஹேலருக்கு அடங்காத ஆஸ்துமாவையும் தணித்திருக்கிறது!

ஆஸ்திரேலியாவில் 420 பேரிடம் நடந்த ‘அமேசஸ்’ ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. எல்லோருமே தினமும் இன்ஹேலர் இழுத்தும் மூச்சுத்திணறல் தீராதவர்கள். ஒரு பிரிவினருக்கு வாரம் மூன்று முறை 500 மில்லிகிராம் அசித்ரோமைசின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 48 வாரம் இப்படியே. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.86 முறை நோய் முற்றியது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு 1.07 முறைதான். அவதிப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

• ஆஸ்துமாவுக்குப் பின்னணியாக இருக்கலாம் என்ற சந்தேகப் பட்டியலில் இருக்கும் கிருமி, கிளமிடியா நிமோனியே. நம் செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகும். மாதக்கணக்கில் பதுங்கியும் இருக்கும். 1965-இல் தைவானில் ஒரு குழந்தையின் கண்ணிலிருந்து முதன்முதலில் எடுக்கப்பட்டது.

• ஆஸ்துமாவோடு இந்தக் கிருமிக்குள்ள தொடர்பை 1991-இல் எழுதியவர், அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த குடும்ப மருத்துவர் டேவிட் ஹான்.

• அசித்ரோமைசின் கிருமியையும் அடக்கும், அழற்சியையும் தணிக்கும். பலன் இவற்றில் எதனால் என்ற விவாதம் ஓயவில்லை.

• கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அல்ல இது. காது மந்தமானவர்களையும், இசிஜியில் ‘க்யூ.டி.’ இடைவெளி நீண்டவர்களையும் ஆய்வில் சேர்க்கவே இல்லை. மருந்து சாப்பிட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு.