சுட்டிக்கு ஒரு வீடு வேண்டும்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாயின் அருமை தெரியும். விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போகிறவரின் பின்னால் ஓடியதும் நாய்தான். பெற்றவர்கள் வேலைக்காட்டில் இருக்கும்போது லயத்து வாசலில் பாம்பு வந்தால் குரைத்து எச்சரித்ததும் நாய்தான். தோட்டங்கள் விற்கப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது, சாமான் ஏற்றிய லாரியில் இடமில்லாமல் பின்தங்கியவையும் அந்த நாய்கள்தாம். அவற்றின் வழி வந்தவை பல, இன்றும் செம்பனைக் காட்டோரத்திலும் கடைத்தெருவின் பின்சந்திலும் அலைகின்றன.

அப்படி அலையும் குட்டியை மீட்டாலும் உடனே ஒரு வீடு கிடைத்துவிடுவதில்லை. நாய்க் காப்பகங்களில் இட நெருக்கடி. ஆகவே, நிரந்தர வீடு கிடைக்கும் வரை சில வாரமோ சில மாதமோ யாராவது ஒரு வீட்டார் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இதுவே தற்காலிக வளர்ப்பு. பேறுகாலத்துக்கு வந்த மகளைத் தேற்றி அனுப்பும் தாய்வீட்டைப் போன்றது இது. வைத்துக்கொள்வது நோக்கமல்ல, நல்லபடியாக அனுப்பி வைப்பதே நோக்கம்.

எங்கள் வீட்டில் இப்போது அப்படி ஒரு விருந்தாளி இருக்கிறது. ஏழு மாதப் பெட்டை, செவலை நிறம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருப்பதால் பிள்ளைகள் 'சுட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான்கு மாதங்களுக்கு முன் கழுத்தில் கயிறு அறுத்த புண்ணோடு வந்தது. பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசிகளும் போட்டாயிற்று. குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட வேண்டும். அதன் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக, பதினாறு வாரம் ஆகும் வரை ஊசி தொடரும். இதில் அசட்டையாக இருந்தால் 'பார்வோ' என்னும் குடல்நோய் இரண்டொரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும்.

உடம்பைத் தேற்றியது எளிது. வீடு தேடுவதுதான் பெரும்பாடு.

"பெட்டையா? வேண்டாம், குட்டி போட்டுத் தள்ளும்" என்று முகம் சுளிப்பவர்களே அதிகம். பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஏறத்தாழ 63 நாளில் குட்டி போடும். உண்மைதான். ஆனால் கருத்தடை அறுவை செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. சுட்டிக்கு ஆறு மாதத்தில் அது செய்தாகிவிட்டது.

கடைக்குக் காவல் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போடுவாராம். கழுத்துப் புண் ஆறி வந்த பிராணியை மறுபடியும் கட்டுவதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. இன்னொரு வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசை, தாய்க்கோ விருப்பமில்லை. சோறு வைக்கப் போவது அந்தத் தாய்தானே? அங்கேயும் கொடுக்கவில்லை.

எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்று குறைகளை மறைக்கக் கூடாது. சுட்டி செருப்பைக் கடிக்கும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். உரத்த குரல் கேட்டால் பயத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். வருகிறவர்களிடம் இவற்றையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தெரிந்து ஏற்றுக்கொண்டவர் பொறுத்துப் போவார். தெரியாமல் கொண்டு போனவர் ஒரு மாதத்தில் திருப்பி அனுப்புவார், அல்லது எங்கேயாவது இறக்கி விடுவார்.

நாய் எடுக்க நினைக்கும் குடும்பங்கள் சிலவற்றை யோசிக்க வேண்டும். நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள்கூட வாழும். இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போகும் நாளிலும் அது உங்கள் வாசலில் இருக்கும். நீங்கள் குடியிருக்கும் இடத்தில் அனுமதி உண்டா என்று பாருங்கள். நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுப்பதைப் பற்றி விசாரியுங்கள். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் அனுமதி கிடைப்பது கடினம். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில், 2012-இல் தொடங்கிய திட்டத்தின் வழி உள்ளூர்க் கலப்பின நாய்களையும் சில நிபந்தனைகளோடு வளர்க்க வழி பிறந்தது. பக்கத்து வீட்டாரின் சமய உணர்வையும் மதிக்க வேண்டும். நாய் அவர்கள் வாசலுக்குப் போகாதபடி வேலி போட முடியுமா என்று பாருங்கள்.

புது வீட்டுக்கு வந்த நாய் முதல் மூன்று நாள் மிரளும்; மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும்; மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று நம்பும். இது நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. அதுவரை பொறுமை வேண்டும். வெங்காயம், சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது.

வெறிநாய்க்கடி நோயையும் மறக்கக் கூடாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் அந்நோய் தலைகாட்டியது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை வதைப்பவருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் யாரும் ஒரு நாய்க்குச் சோறு வைப்பதில்லை. அதற்கு மனம் வேண்டும்.

அன்புத் தாய்மார்களே, வீட்டில் பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்டால், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முடியும் என்றால் காசு கொடுத்து வாங்குவதற்கு முன், தற்காலிக வளர்ப்பில் காத்திருக்கும் ஒன்றைப் போய்ப் பாருங்கள். முடியாது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். இன்று 'இல்லை' என்று சொல்வதில் பாவமில்லை. ஆறு மாதம் சோறு போட்டுப் பழக்கிவிட்டுச் சாலையோரத்தில் இறக்கி விடுவதுதான் பாவம்.